எட்டும் உயரம்

மழை விட்ட செவ்வாய்க்கிழமை, லீல் நகரம்.
விற்பனைக்கு வந்த பழைய வீடுகளின் சுவரில்
காரீயம் தேடுவது என் பிழைப்பு.
கையில் துப்பாக்கி மாதிரி ஒரு கருவி.
சுவரில் வைத்து அழுத்தினால்
சுடாது, எண் சொல்லும்.

வாசலில் சின்னக் கல்:
ஒனோரின் தெல்சோ, வேதியியலாளர், இங்கே குடியிருந்தார்.
பெயரின் கடைசி எழுத்தைக் காணோம்.
உச்சரிப்பில் வராத எழுத்துதான்,
ஆனாலும் அவளுடையது.
இருந்தபோதும் இப்படித்தானாம்,
கழகத்திலிருந்து வந்த கடிதமெல்லாம்
'திருவாளர் தெல்சோ அவர்களுக்கு.'

பெயரிலேயே கார் உள்ள உலோகத்தை
வெளுக்க வைக்கும் வித்தை இந்த ஊருக்குத் தெரிந்திருந்தது.
மண்சட்டியில் காடி,
அதன்மேல் சுருட்டிய தகடு,
சுற்றிலும் குதிரைச் சாணம்.
மூன்று மாதம் மூடி வைத்தால்
இருட்டுக்குள் தகடு பூக்கும்.
பூவைச் சுரண்டப் பெண்கள்.

அவள் அம்மா லெயோகாதி அதில் ஒருத்தி.
புருவம் வெளுத்து வீடு திரும்புவாள்.
மகள் ஓடிப்போய் முத்தமிடுவாள்.
இனிக்கும்.

அந்த இனிப்பு எது என்பதுதான்
ஒனோரினின் முதல் ஆய்வு.
அதற்குள்
சூப்புக் கரண்டியை எடுக்கப்போன அம்மாவின் கை
நனைந்த கையுறைபோல்
மணிக்கட்டில் தொங்கிவிட்டது.
ஈயம், ஈந்ததைத் திருப்பிக் கேட்காது.
எலும்புக்குள் போய்க் குடியிருக்கும்.

மருந்துக்கடையில் குப்பி கழுவிக்கொண்டே படித்தாள்.
இரவில் கொல்லைக் கொட்டகையில் அடுப்பு மூட்டினாள்.
ஆலைப் பெண்கள் வெட்கத்தோடு
ஒயின் புட்டிகளில் சிறுநீர் கொண்டுவந்தார்கள்,
தக்கை அடைத்து, முந்தானைத் துணியில் சுற்றி.
அழுகிய முட்டை நாறும் வாயுவை
ஒவ்வொன்றிலும் செலுத்தினாள்.
கறுத்தது. கறுத்தது.
நானூற்றுப் பன்னிரண்டு புட்டிகள்.
தெருவே மூக்கைப் பிடித்தது.

"குடிக்கிறார்கள், கை நடுங்குகிறது" என்றார்
ஆலை முதலாளி வாந்தெனாபெல்.
கேலிக்குத் தன் புட்டியையும் அனுப்பினார்,
வெள்ளி மூடி போட்டு.
அதுவும் கறுத்தது.
அவர் பேசியதாக அதற்குப்பின் ஒரு வரியும் இல்லை
அவளது நோட்டில்.

தடைச் சட்டம் வந்தபோது
அவளைப் புதைத்து ஏழு வருடம்.

இதெல்லாம் நேற்று இரவு நூலகத்தில் படித்தது.
இன்று அவள் வீட்டுக்குள் நிற்கிறேன்.

கூடம்: ஒன்பது.
மாடிப்படி: பதினொன்று.
அவள் படுத்த அறை: பதினான்கு.
கொஞ்சம் உட்கார்ந்துவிட்டேன்.
வாழ்நாளெல்லாம் எதை எதிர்த்தாளோ
அதற்கு நடுவில்தான் தூங்கியிருக்கிறாள்.
வாடகை வீடு. துத்தநாக வெள்ளைக்கு
அன்று இரண்டு மடங்கு விலை.

முற்றத்தைப் பார்த்த சின்ன அறையில்
கருவி பூஜ்யம் காட்டியது.
கெட்டுவிட்டதோ?
நடையின் சுவரில் வைத்தேன்: பதின்மூன்று.
மறுபடி உள்ளே: பூஜ்யம்.
மெல்ல மேலே ஏற்றிக்கொண்டு போனேன்.
என் நெஞ்சு உயரத்தில்
எண் சட்டென்று எகிறியது.
நாலு சுவரிலும் அதே இடம்.
ஜன்னல் வெளிச்சம் சாய்ந்து விழ,
மெலிந்த கோடு ஒன்று
அறையைச் சுற்றி ஓடுவது தெரிந்தது.
கீழே, கட்டை தெரியச் சுரண்டித் துத்தநாகம்.
மேலே, பழைய விஷம், தொடாமல்.

அவளுக்குப் பிள்ளைகள் இல்லை.
குடியிருப்போர் பதிவேட்டில்
அந்த அறைக்கு எதிரே:
பெலாஜி கோக்லே, வெள்ளை ஆலைக் கூலி,
ஒரு கைக்குழந்தை.
வாடகைக் கட்டத்தில் வெறும் கோடு.

கைக்குழந்தைக்கு
முழங்கால் அளவு போதுமே,
ஏன் இவ்வளவு உயரம் என்று
அளவு நாடாவைப் பிடித்தபடி நின்றேன்.

பிறகு, குனிந்து,
நுனிக்காலில் நிற்கும் ஆறு வயதுக் கை
எதுவரை போகும் என்று
சுவரில் வைத்துப் பார்த்தேன்.

படிவத்தில் இதற்குக் கட்டம் இல்லை.
'ஆம்', 'இல்லை' இரண்டுதான்.
ஓரத்தில் எழுதினேன்:
தரையிலிருந்து நூற்று முப்பது சென்டிமீட்டர் வரை
இல்லை.